மேட்டில் மட்டும் கொதிக்கும் வேன்

அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. 'எதுக்கும்' என்றுதான் கூப்பிடுவார்கள். ஹாரன் அடிக்கவில்லை என்று ஒருவர் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினால், "எதுக்கும் பிரேக்கை ஒருதரம் பாத்துடுவோம்" என்பார்.

"பிரேக் போன வாரந்தாண்ணே பாத்தது."

"யார் பாத்தது?"

"நீங்கதான்."

"எதுக்கும் பாத்துடுவோம்."

தன் கையையே நம்பாத மனிதர் அடுத்தவர் கையை எங்கே நம்பப் போகிறார்? ஒருமுறை கிளினிக்கில் டாக்டர் இவருக்கு ரத்த அழுத்தம் பார்த்துவிட்டு, எல்லாம் சரியாக இருக்கிறது என்று பட்டையைக் கழற்றினார். இவர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. "எதுக்கும் அதை உங்க கைல ஒருதரம் சுத்திப் பாருங்க டாக்டர். மிஷின் சரியா காட்டுதான்னு தெரிஞ்சிடும்." டாக்டர் நல்ல மனிதர், சிரித்துக்கொண்டே சுற்றிப் பார்த்தார். வெளியே வரிசையில் காத்திருந்தவர்கள்தான் சிரிக்கவில்லை.

பழைய வண்டிகளைப் பழுதுபார்க்கிறவருக்கு இந்தக் குணம் கெடுதல் இல்லை. புது வண்டி தனக்கு என்ன நோய் என்று தானே திரையில் எழுதிக் காட்டிவிடும். பழைய வண்டி அப்படியல்ல. ஒரு இடத்தில் வலித்தால் வேறொரு இடத்தில் முனகும். சொந்தக்காரர் சொல்வதையும் நம்பக் கூடாது, சத்தத்தையும் நம்பக் கூடாது, முள் காட்டுவதையும் பாதிதான் நம்ப வேண்டும். இவர் எதையுமே நம்பாததால் இவரிடம் வந்த வண்டி மறுபடி அதே கோளாறோடு வந்ததில்லை. சந்தைக்குப் பின்னால் ஒரு லாரி நுழைந்தால் இன்னொன்று நுழைய முடியாத சந்தில், தகரக் கூரை போட்ட ஷெட்டில், கரி படிந்த பெஞ்சுக்குப் பக்கத்தில் அவர் பேர் அப்படித்தான் நிலைத்தது.

ஷெட்டில் பாதிதான் அவருடையது. மறுபாதி மச்சானுடையது. மனைவியின் தம்பி. ரேடியேட்டர் வேலைக்காரன். இஞ்சினைக் குளிர வைக்கிற தண்ணீர் ஓடும் அந்தப் பித்தளைப் பெட்டியைக் கழற்றி, ஓட்டையை ஈயத்தால் பற்ற வைத்து, சிமெண்டுத் தொட்டியில் முக்கி, குமிழி வருகிறதா என்று பார்த்துக் கொடுப்பதுதான் அவன் தொழில். அவன் பற்றவைத்த இடம் ஒழுகியதாக யாரும் வந்து நின்றதில்லை. வண்டி இவரிடம் வரும், ரேடியேட்டர் அவனிடம் போகும், திரும்பி வரும். பல வருஷமாக நடுவில் ஒரு சுவர்கூடத் தேவைப்படாமல் அப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது.

பிறகு ஒரு நாள் மத்தியானம், டீக்கடைக்குப் போன இவர், எதிர்ச் சாரியில் பூட்டிக் கிடந்த காலி ஷெட்டின் கதவு திறந்திருப்பதைப் பார்த்தார். உள்ளே மச்சான் நின்றுகொண்டிருந்தான். பக்கத்தில் ஷெட்டுக்காரர், கையில் சாவிக்கொத்து. மச்சான் தரையில் கால் வைத்து அகலம் அளந்துகொண்டிருந்தான்.

இவர் கேட்கவில்லை. டீயைக் குடித்துவிட்டு வந்து வேலையைப் பார்த்தார். அன்றிலிருந்து மச்சானோடு பேச்சையும் நிறுத்திவிட்டார்.

பேச்சை நிறுத்தினாலும் வேலை நிற்காதே. அதனால் தகவலெல்லாம் மனைவி வழியாகப் போக ஆரம்பித்தது. வீட்டில் தையல் மிஷினில் உட்கார்ந்திருக்கும் மனைவிக்கு போன் போட்டு, "உன் தம்பிகிட்ட சொல்லு, வெல்டிங் ஒயரை வழியிலேருந்து எடுக்கச் சொல்லு" என்பார்.

"அவன் எங்க இருக்கான்?"

"இங்கதான். என் முதுகுக்குப் பின்னாடி."

"திரும்பினா அவன் மூஞ்சி. அதுக்கு எனக்கு போனா? நானென்ன உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல தபால்காரியா?"

ஆனாலும் அவள் சொல்லத்தான் செய்தாள். ஒரு நிமிஷத்தில் பின்பக்கம் போன் மணி அடிக்கும். "சரிக்கா" என்று குரல் கேட்கும். ஒயர் நகரும்.

இந்தச் சமயத்தில்தான் வேன்காரம்மாவின் வேன் வந்தது.

வேன்காரம்மா ஐம்பதைத் தாண்டியவர். கணவர் விட்டுப்போன பழைய டீசல் வேனைத் தானே ஓட்டுகிறார். குன்றின் மேலே இருக்கிற ஆஸ்பத்திரிக்குச் சிறுநீரக நோயாளிகளை ஏற்றிப்போய், மிஷினில் ரத்தம் சுத்தம் செய்து முடியும்வரை காத்திருந்து, திரும்ப வீட்டில் விடுவது அவர் வேலை. ரேடியேட்டரின் வாய்ப்பக்கம் துருவேறி ஒழுகுகிறது என்று கொண்டுவந்தார். மச்சான் கழற்றி, சரிசெய்து கொடுத்தான். இவர் மாட்டினார். புது மூடி ஒன்றும் வாங்கிப் போட்டார். வேன் போனது.

இரண்டு நாளில் திரும்பி வந்தது. மேட்டில் பாதி ஏறும்போது சூடு முள் சிவப்புக் கோட்டைத் தொட்டதாம். நிறுத்தி, ஆறவிட்டுத் திறந்து பார்த்தால் பாதித் தண்ணீரைக் காணோமாம்.

"அண்ணே, நான் ஏத்திட்டுப் போற ஆளுங்க ஒரு நாளைக்கு இத்தனை டம்ளர் தண்ணிதான்னு அளவு வெச்சுக் குடிக்கிறவங்க. இந்த வண்டி அவங்க பங்கையும் சேர்த்துக் குடிக்குது" என்றார் வேன்காரம்மா. சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் ஸ்டியரிங்கை விட்டுக் கை எடுக்கவில்லை.

இவர் வேலையை ஆரம்பித்தார். பேன் பெல்ட் இறுக்கமாக இருந்தது. சூடேறினால் தண்ணீருக்கு வழிவிடும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி வெந்நீரில் போட்டார், ஒழுங்காகத் திறந்தது. பிறகு அலமாரியிலிருந்து பிரஷர் பம்பை எடுத்தார். சைக்கிளுக்குக் காற்றடிக்கிற பம்பு மாதிரிதான் அதுவும். தலையில் ஒரு கடிகார முகம், அடியில் ஒரு ரப்பர். ரேடியேட்டர் மூடியை எடுத்துவிட்டு அந்த ரப்பரை வாய்க்குள் விட்டுத் திருகினால் அது உள்ளேயே புடைத்துக்கொண்டு அடைத்துவிடும். அடித்து முள்ளை ஏற்றிவிட்டுச் சும்மா உட்கார வேண்டும். எங்காவது ஊசிமுனை ஓட்டை இருந்தாலும் முள் இறங்கும்.

முள் இறங்கவில்லை. டீ வந்தது, குடித்தார், டம்ளர் போனது. முள் அசையவில்லை.

மூடியையும் விடவில்லை. அதைச் சோதிக்க பம்போடு தனியாக ஒரு குழல் உண்டு. மாட்டி அடித்தார். மேலே பொறித்திருந்த அளவுவரை பிடித்து நின்றது. அதைத் தாண்டியதும் 'புஸ்' என்று விட்டது. ஒரு மூடி அதைத்தான் செய்ய வேண்டும். அழுத்தத்தைப் பிடித்து வைத்தால் தண்ணீர் லேசில் கொதிக்காது. அளவு மீறினால் மட்டும் பக்கத்துக் குழாய் வழியாக வெளியே விட வேண்டும். பழைய வேன் என்பதால் அந்தக் குழாயின் அடியில் வழிவதைப் பிடிக்கிற பாட்டில்கூட இல்லை. நேரே தரையைப் பார்த்துத் தொங்கியது.

இஞ்சின் தலைக்கு அடியில் அடைப்பாக இருக்கிற ஹெட் கேஸ்கட் போயிருக்குமோ என்று இஞ்சினை ஓடவிட்டு ரேடியேட்டர் வாயில் குமிழி பார்த்தார். சைலன்சர் புகையில் கைக்குட்டையைக் காட்டி முகர்ந்தார். ஆயில் குச்சியை விரலில் தேய்த்தார். எதுவுமில்லை. ஷெட்டுக்குள் எவ்வளவு நேரம் ஓடவிட்டாலும் வேன் நல்ல பிள்ளையாக இருந்தது.

"எல்லாம் சரியா இருக்கும்மா" என்று அனுப்பினார். மறுநாளே மேட்டில் நின்றது.

அன்று சாயங்காலம் பெஞ்சில் உட்கார்ந்து இவர் யோசித்த யோசனை, இவரைப் போன்றவருக்கு மட்டுமே வரக்கூடியது. ரேடியேட்டர் ஒழுகவில்லை. மூடி ஒழுகவில்லை. இஞ்சினில் குற்றமில்லை. இயந்திரத்தில் இல்லாத குற்றம் மனுஷனிடம் இருந்தாக வேண்டும். கோளாறு ஆரம்பித்தது எப்போது? ரேடியேட்டர் மச்சான் கைக்குப் போய்வந்த பிறகு. அவன் வேலை சுத்தமில்லையா? சுத்தம். அவன் கைபட்ட இடத்தில் தண்ணீர் தானாக ஒழுகாது. அப்படியிருந்தும் போகிறதென்றால், போகவில்லை; போக்குகிறான்.

எதற்கு? அதற்கும் விடை எதிர்ச் சாரியில் இருந்தது. 'எதுக்கும்' கைவைத்த வண்டியே மேட்டில் நிற்கிறது என்று ஊருக்குள் நாலு பேர் பேசட்டும். பிறகு எதிரே புது போர்டு தொங்கினால், வண்டிகள் எதிர்ப்பக்கம் போவதற்கு எவ்வளவு நேரமாகும்?

எல்லாம் கச்சிதமாகப் பொருந்தியது.

வேனைத் திரும்ப வரச் சொல்லி, ராத்திரி ஷெட்டிலேயே விடச் சொல்லி, தண்ணீர் நிரப்பி, ரேடியேட்டருக்கு அடியில் படுத்து, தண்ணீர் திறந்துவிடும் திருகில் மயிரிழைச் செப்புக் கம்பியைச் சுற்றி ஒரு முடிச்சுப் போட்டார். யாராவது திருகைத் தொட்டால் கம்பி அறுந்துவிடும். வெளியே வந்து பார்த்தபோது மச்சான் தொட்டியோரம் நின்று கையைத் துடைத்துக்கொண்டிருந்தான். பார்த்தானா, இல்லையா? முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. தெரியாததும் சந்தேகத்தைக் கூட்டியது.

மறுநாள் வேன் போய்வந்தது. தண்ணீர் குறைந்திருந்தது. கம்பி அறுந்திருக்கவில்லை.

ஒரு நிமிஷம் தடுமாறினார். பிறகு சந்தேகம் வேறு பக்கம் திரும்பியது. "அம்மா, நீங்க காலைல தண்ணி நிரப்பும்போது கழுத்துவரைக்கும் ஊத்துறீங்களா? இல்ல, அவசரத்துல..."

வேன்காரம்மா இறங்கி வந்து இவருக்கு நேரே நின்றார். "என்ன கேக்குறீங்க? நான் பாதி ஊத்திட்டு முழுசா ஊத்தினேன்னு சொல்றேனா? ஏண்ணே, எனக்கு என்ன ஆசையா, நடுமேட்டுல முடியாத ஆளுங்களை வெயில்ல நிறுத்தி வேடிக்கை பாக்கணும்னு? நேத்து ஒரு பெரியவர் பயந்து போய் என் கையைப் புடிச்சுக்கிட்டார். விடவே இல்ல. நீங்க என்னையே சந்தேகப்படுறீங்க. இன்னும் கொஞ்சம் விட்டா, அந்தப் பெரியவர் எறங்கி ரேடியேட்டர் தண்ணியைக் குடிச்சுட்டார்னு சொல்வீங்க போல."

பின்பக்கத்திலிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. மச்சான் உடனே இருமி மறைத்துக்கொண்டான்.

அன்று வீட்டுக்குப் போனபோது, வாசலிலேயே மனைவியின் குரல் கேட்டது. போனில் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தாள். இவர் செருப்பைக் கழற்றியதும், "சரி, அப்புறம் பேசறேன்" என்று வைத்தாள்.

"யாரு?"

"யாரோ."

"உன் தம்பியா?"

"ஆமா, என் தம்பிதான். அவன்கூட பேசக் கூடாதுன்னு எனக்கும் சட்டமா?"

இவர் நாற்காலியில் உட்கார்ந்தார். மறைக்காமல் சொல்லிவிட்டார். நாளைக்கு வேனைத் தானே கூட இருந்து மேட்டில் ஏற்றிப் பார்க்கப் போவதாகவும், தண்ணீர் மறுபடி போனால் மச்சானை ஷெட்டிலிருந்து அனுப்பிவிடப் போவதாகவும். மனைவி வாயிலிருந்த ஊசியை எடுத்துத் துணியில் குத்தினாள். அம்மா போன பிறகு இடுப்பில் தூக்கி வளர்த்த தம்பி அவன். அழுவாள் என்று நினைத்தார், அழவில்லை.

"அனுப்புறதா இருந்தா காரணத்தோட அனுப்புங்க. சந்தேகத்தோட அனுப்பாதீங்க. காரணம்னா நான் அவனை ரெண்டு திட்டு திட்டிட்டு உங்ககூட இருப்பேன். சந்தேகம்னா..." என்று நிறுத்தினாள்.

"சந்தேகம்னா?"

"அதை இப்பவே எதுக்கு சொல்லணும்? நடக்கறப்போ பாத்துக்கலாம்" என்று மிஷினை மிதித்தாள்.



மறுநாள் ஆஸ்பத்திரி சவாரி இல்லை. வேன்காரம்மா வேனைக் காலியாகக் கொண்டுவந்தார். ஆள் எடைக்குப் பதிலாக இரண்டு பழைய கியர்பாக்ஸையும், மூட்டை கட்டிய இரும்புச் சாமான்களையும் இவர் பின்னால் ஏற்றினார். பிறகு திரும்பி நின்று, மாதக் கணக்கில் பேசாதவர், நேரடியாகவே பேசினார்.

"நீங்களும் வாங்க."

மரியாதை கொடுத்துப் பேசியதிலேயே மச்சானுக்கு விஷயம் விளங்கிவிட்டது. பற்றவைக்கிற குழலை அணைத்து வைத்தான். "நான் எதுக்கு மாமா?"

"ரேடியேட்டர் உங்களோடதுதானே?"

"வேன்தான் அந்தம்மாவோடது. ரேடியேட்டரும் அவங்களோடதுதான்." ஆனாலும் ஏறிக்கொண்டான். பின்னால், கியர்பாக்ஸுக்குப் பக்கத்தில்.

இவர் முன்னால் ஒருக்களித்து உட்கார்ந்தார். ஒரு கண் சூடு முள்ளில், ஒரு கண் கண்ணாடியில் தெரிந்த மச்சான் முகத்தில். குற்றவாளியைச் சம்பவ இடத்துக்கு அழைத்துப்போகிற போலீஸ்காரர் மாதிரி இருந்தது அந்த உட்கார்தல். வேன்காரம்மா இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, "பேஷண்டுங்களே தேவலாம். பேசிக்கிட்டாவது வருவாங்க" என்றார்.

சமதரையில் முள் நடுவில் நின்றது. மேடு ஆரம்பித்தது. இரண்டாவது கியர். முதல் வளைவில் முள் அசைந்தது. இரண்டாவது வளைவில் ஏறத் தொடங்கியது.

"நிறுத்துங்க."

"இன்னும் கொதிக்கலையேண்ணே."

"கொதிக்கிறதுக்கு முன்னாடிதான் பாக்கணும். இஞ்சினை அணைக்காதீங்க, அப்படியே ஓடட்டும்."

இறங்கி பானெட்டைத் தூக்கினார். பழந்துணியைக் கையில் சுற்றிக்கொண்டு, ரேடியேட்டருக்கு மேலே போகிற தடித்த ரப்பர் ஓஸைப் பிடித்து அமுக்கினார். அமுக்கிய கை அப்படியே நின்றது.

இவ்வளவு சூட்டில் அந்த ஓஸ் கல் மாதிரி இருக்க வேண்டும். உள்ளே அழுத்தம் சேரச் சேர, காற்றடித்த டயர் மாதிரி விரலை எதிர்க்க வேண்டும். இது தொளதொளவென்று, பிழிந்த துணி மாதிரி அமுங்கியது. சூடு இருக்கிறது, அழுத்தம் இல்லை. குனிந்து பார்த்தார். தரையைப் பார்த்துத் தொங்கிய குழாய் நுனியிலிருந்து வெந்நீர் நூலாக இறங்கி, தார் ரோட்டில் விழுந்த வேகத்தில் காய்ந்துகொண்டிருந்தது. மேட்டில் வண்டி ஓடிக்கொண்டிருந்தால் இது யார் கண்ணுக்கும் தெரியாது. ஷெட்டில் சூடு இவ்வளவு ஏறாததால் அங்கேயும் தெரிந்திருக்காது.

இஞ்சினை அணைக்கச் சொல்லிவிட்டு ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்தார். ஆறாமல் மூடியைத் திறந்தால் முகம் போய்விடும். மச்சான் கொஞ்சம் தள்ளி வேறொரு கல்லில் உட்கார்ந்தான்.

காத்திருந்த நேரத்தில் இவருக்கு ஒவ்வொன்றாக அவிழ்ந்தது. பம்பை மாட்டியபோது மூடி அங்கே இல்லை. அதை எடுத்துவிட்டுத்தானே பம்பை மாட்டினார். மூடியைச் சோதித்தபோது ரேடியேட்டர் அங்கே இல்லை. அது குழலில் இருந்தது. மச்சான் தொட்டியில் முக்கியபோதும் வாயைத் தன் தக்கையால்தான் அடைத்திருப்பான். ரேடியேட்டரையும் மூடியையும் ஒன்றாக வைத்து யாருமே பார்க்கவில்லை. தனித்தனியாக விசாரித்து இரண்டையும் நிரபராதி என்று அனுப்பியாயிற்று.

ஆறியதும் மூடியைத் திறந்தார். வேன் சக்கர அச்சிலிருந்து விரலில் கிரீஸ் எடுத்து, வாய்க்குள்ளே அடியில், மூடியின் ரப்பர் போய் உட்கார வேண்டிய வளையத்தில் தடவினார். மூடியை இறுக்கிப் பூட்டினார். திரும்பத் திறந்து கவிழ்த்துப் பார்த்தார்.

ரப்பர் சுத்தமாக இருந்தது. ஒரு பொட்டு கிரீஸ் இல்லை. மேலே இறுகப் பூட்டிக்கொண்ட மூடி, கீழே வளையத்தைத் தொடவே இல்லை. ஒரு நகக்கண் அளவு இடைவெளி. தண்ணீர் சூடாகி விரிந்ததும் அதன் வழியாகச் சத்தமில்லாமல் குழாய்க்கு நழுவிக்கொண்டிருந்தது.

மூடியை மச்சானிடம் நீட்டினார். அவன் வாங்கிப் பார்த்தான். எழுந்து வந்து ரேடியேட்டர் வாய்க்குள் விரலை விட்டுப் பார்த்தான். அவன் முகம் மாறியது.

"வாயில இருக்கிற இந்தக் கழுத்து பழசு இல்லையா?" என்று இவர் கேட்டார்.

"பழசு துருவேறி பிஸ்கட் மாதிரி இருந்துச்சு மாமா. தொட்டா உதிருது. ஒடச்ச லாரி ரேடியேட்டர்லேருந்து ஒண்ணு அறுத்து வெச்சுப் பத்தினேன். நல்ல பித்தளை. அது கொஞ்சம் ஆழம்."

"ஆழம்னா அதுக்கு நீள மூடியில்ல போடணும்!"

"லாரி மூடிதான் போடணும்."

"அதை எங்கிட்ட சொல்லணும்னு தோணலையா உனக்கு?" குரல் ஏறிவிட்டது. 'நீங்க' போய் 'நீ' வந்துவிட்டது.

"எப்படி சொல்றது?" மச்சானுக்கும் ஏறியது. "அக்காவுக்கு போன் போட்டு, அக்கா அக்கா, மாமாகிட்ட கழுத்து ஆழம்னு சொல்லுன்னு சொல்றதா? அவளுக்கு அது என்னன்னு தெரியும்? ஏதோ எனக்குக் கழுத்து வலின்னு வந்து சொல்லுவா. நீங்க மாட்டும்போது பாத்துடுவீங்கன்னு நெனச்சேன். நீங்கதான் எல்லாத்தையும் பாக்குற ஆளாச்சே!"

வேன்காரம்மா வேன் கதவில் சாய்ந்து இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கம்பியைக் கட்டினதையும் பாத்தேன் மாமா" என்றான் மச்சான், குரல் இறங்கி. "அடியில படுத்துக்கிட்டு முடிச்சுப் போட்டீங்களே. அன்னிக்கு எனக்கு சோறு எறங்கல. நான் தண்ணியைத் திறந்து விடுவேனா? என் ரேடியேட்டரை நானே அவமானப்படுத்துவேனா? வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். நீங்க கேக்கவே மாட்டீங்க. பாக்க மட்டும்தான் செய்வீங்க."

இவர் மூடியை வாங்கி, துணியால் துடைத்தார். துடைக்க அதில் ஒன்றுமில்லை.

வேனில் எப்போதும் இருக்கிற கேன் தண்ணீரை ஊற்றிக்கொண்டு மெதுவாக இறங்கினார்கள். கடைத்தெருவில் வேனை நிறுத்தி, மச்சானே இறங்கிப் போய் லாரி மூடி வாங்கி வந்தான். அழுத்த அளவு வேனுடையதேதானா என்று இவர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அதேதான். ஷெட்டில் கிரீஸ் தடவிப் பூட்டித் திறந்தபோது, ரப்பரில் முழுநிலா மாதிரி வட்டம் விழுந்திருந்தது. மச்சான் அதைப் பார்த்துவிட்டுத் தொட்டிப் பக்கம் போனான். கோளாறு தீர்ந்துவிட்டது. எதிர் ஷெட்டு தீரவில்லை. மச்சான் கெடுக்கவில்லை என்பது நிரூபணமாகிவிட்டது. அவன் போகப்போவதில்லை என்பது ஆகவில்லை. சொல்லப்போனால், இப்போது போவதற்கு அவனுக்கு நல்ல காரணமே கிடைத்துவிட்டது.

மறுநாள் ஆஸ்பத்திரி சவாரி. "எதுக்கும் நானும் வரேன்" என்றார் இவர். ஏறியவர் இறங்கி, ஷெட்டுக்குள் பார்த்து, "மச்சான், நீயும் வரியா?" என்று கூப்பிட்டார். இந்தமுறை கேள்வியாகத்தான் இருந்தது. மச்சான் கொஞ்சம் யோசித்துவிட்டு வந்தான். பின்னால் நோயாளிகளுக்கு நடுவில் இடம் கிடைத்தது. கையைப் பிடித்துக்கொண்ட அந்தப் பெரியவர் இவர்களைப் பார்த்து, "நீங்க ரெண்டு பேர் வந்திருக்கீங்கன்னா இன்னிக்கு நிச்சயம் நின்னுடும் போலிருக்கே" என்றார்.

நிற்கவில்லை. முதல் வளைவு, இரண்டாவது வளைவு, ஆஸ்பத்திரிக்கு முன்னால் வருகிற அந்தச் செங்குத்தான கடைசி ஏற்றம். முள் நடுவைக் கொஞ்சம் தாண்டி அங்கேயே உட்கார்ந்துவிட்டது. ஆஸ்பத்திரி வளாகத்தில் நிறுத்தி, நோயாளிகளை இறக்கிவிட்டு, பானெட்டைத் திறந்து ஓஸை அமுக்கினார். விரல் உள்ளே போகவில்லை. "நீ பாரு" என்று நகர்ந்தார். மச்சான் அமுக்கிப் பார்த்துத் தலையாட்டினான்.

வேன்காரம்மா டீ வாங்கப் போனார். இரண்டு பேரும் மரத்தடிச் சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்தார்கள். ஸ்டிரெச்சர் ஒன்று தடதடவென்று போனது. யாரோ யாரையோ போனில் திட்டிக்கொண்டிருந்தார்கள். இவர் இரண்டு தரம் தொண்டையைச் செருமினார். பழைய இஞ்சினைக் குளிர்காலத்தில் கிளப்புகிற மாதிரி இருந்தது.

"எதிர் ஷெட்டைப் பாத்தியா?"

மச்சான் திரும்பிப் பார்த்தான். இவர் முன்னாலேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாத்தேன்."

"எடுக்கப் போறியா?"

"எடுக்கணும்னுதான் பாத்தேன். நம்ம இடத்துல எனக்கு தொட்டி பத்தல மாமா. பெரிய ரேடியேட்டர் வந்தா பாதி வெளிய நிக்குது. அங்க அகலம் இருக்கு. உங்ககிட்ட சொல்லலாம்னு வந்தேன், அன்னிலேருந்து நீங்க பேசறதை நிறுத்திட்டீங்க. சரி, கோவம் போலன்னு இருந்துட்டேன். அக்காகிட்டயும் அதைத்தான் பொலம்பிக்கிட்டிருந்தேன்."

"அக்காவுக்குத் தெரியுமா?"

"அவ உங்ககிட்ட சொல்லட்டுமான்னு கேட்டா. நான்தான் வேணாம், நானே சொல்றேன்னேன்."

இவர் கணக்கில் இருந்த தாழ்ந்த குரல் பேச்சுகளெல்லாம் ஒரே நொடியில் வேறு அர்த்தத்துக்குப் போய்ச் சேர்ந்தன. நிம்மதியாக இருந்திருக்கலாம். இல்லை. அவன் போகத்தான் நினைத்திருக்கிறான். சந்தேகத்தில் பாதி உண்மைதான்.

"இப்பவும் போகணும்னுதான் இருக்கியா?"

"கம்பியைக் கட்டின அன்னிக்கு, உடனே போயிடணும்னு இருந்துச்சு. இப்போ..." என்று மச்சான் கையை விரித்துப் பார்த்தான். விரலில் கரி. "இப்போ அவசரமில்ல. ஆனா எடம் வேணும் மாமா. அது பொய்யில்ல."

"நம்ம ஷெட்டுல என் பெஞ்சைப் பின்னால தள்ளினா உன் தொட்டிக்கு எடம் வருமா?"

"பெஞ்சைத் தள்ளினா உங்களுக்கு வெளிச்சம் போயிடும்."

"வருமான்னு கேட்டேன்."

"ஒரு ரேடியேட்டர் நீளம் வரும்."

"பத்துமா?"

"கொஞ்ச நாளைக்குப் பத்தும். அதுக்கப்புறமும் பத்தலைன்னா போவேன். சொல்லிட்டுத்தான் போவேன்."

"சரி."

அவ்வளவுதான் பேசினார்கள். வேன்காரம்மா டீயோடு வந்தார். இரண்டு பேரும் ஒரே பெஞ்சில் இருப்பதைப் பார்த்து, "அப்பாடா, ரெண்டும் சேர்ந்து ஒக்காந்துடுச்சு" என்றார். எதைச் சொன்னார் என்று இவர் கேட்கவில்லை.

நோயாளிகள் சோர்ந்துபோய் வந்தார்கள். பெரியவரை மச்சான் கைத்தாங்கலாகப் பின்சீட்டில் ஏற்றி, தானும் பக்கத்தில் உட்கார்ந்தான். வேன் இறக்கத்தில் இறங்கியது. இவர் முள்ளைப் பார்க்காமல் இல்லை. வளைவுக்கு வளைவு பார்த்தார். பாதி வழியில் பின்னாலிருந்து ஏதோ 'டொக்' என்று கேட்டது. கை கதவுப் பிடிக்குப் போனது. வேனை நிறுத்தச் சொல்லி இறங்கிப் பார்த்துவிடலாம்.

பிடியில் கையை வைத்தபடியே பின்பக்கம் திரும்பினார். "மச்சான், என்ன சத்தம்?"

"பெரியவரோட தண்ணி பாட்டில் விழுந்துடுச்சு மாமா. ஒண்ணுமில்ல."

"சரி" என்று சொல்லிவிட்டு, கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, முன்னால் திரும்பி உட்கார்ந்தார்.